44 பெருசா, 7 பெருசா?

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு சித்தி பொண்ணுகிட்டேர்ந்து போன். அந்த நேரத்துல அவ கூப்பிட்டா ரெண்டே விஷயம்தான். ஒண்ணு ரீசார்ஜ், இன்னொண்ணு சித்தப்பாகூட சண்டை.

ரெண்டும் இல்லை.

"அண்ணே, 44 பெருசா, 7 பெருசா?"

"எம்.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் முடிச்சுட்டு கேக்கற கேள்வியாடி இது?"

"விளையாடாதண்ணே. பி.ஹெச்டி.க்கு கைடு பாக்கணும். நாளைக்கே சொல்லணுமாம்."

விஷயம் இதுதான். பொண்ணு ஜே.ஆர்.எஃப். கிளியர் பண்ணிட்டா. கையில ஃபெல்லோஷிப் இருக்கு. சேரப்போற டிபார்ட்மென்ட்ல ஒரே காரிடார்ல எதிரெதிரா ரெண்டு ரூம். முதல் ரூம்காரர் நானோ மெட்டீரியல்ஸ் புரொஃபசர். 260 பேப்பர், எச்-இன்டெக்ஸ் 44, கீழே பதினோரு ஸ்காலர்ஸ். 'உலகின் தலைசிறந்த 2 சதவிகித விஞ்ஞானி'ன்னு காலேஜ் வாசல்ல அவருக்கு ஃபிளெக்ஸ் வேற! எதிர் ரூம்காரர் மேத்தமேட்டிக்கல் ஃபிஸிக்ஸ். கரும்பலகை, சாக்பீஸ் தூசு, பழைய மின்விசிறி. 21 பேப்பர், எச்-இன்டெக்ஸ் 7, ரெண்டே ரெண்டு ஸ்காலர்ஸ். அதுல ஒருத்தருக்கு இது ஆறாவது வருஷம்.

நம்ம ஆளுக்கு மனசு எதிர் ரூம்ல. எம்.எஸ்ஸி.யில அவர் எடுத்த பேப்பரைப் பத்தி தீபாவளிக்கு வந்தப்ப ஒன்றரை மணி நேரம் என்னை உக்கார வெச்சுப் பேசினவ அவ. ஆனா முதல் ரூம் சீனியர் ஒருத்தர் காதுல ஒரு வார்த்தை போட்டிருக்கார். "இங்க சேர்ந்தா ஆறே மாசத்துல நாலு பேப்பர்ல உன் பேர் இருக்கும்!"

சித்தப்பாவோ தீர்ப்பே எழுதிட்டார். "44 எங்க, 7 எங்க? இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ரெண்டு நாள் டைம் வாங்கு"ன்னு சொல்லி போனை வெச்சேன். அப்புறம் நானும் கொஞ்சம் மேய்ஞ்சேன். மேய்ஞ்சதுல கிடைச்சது ஏராளம் பாஸ். கைடு தேடற எல்லாருக்குமே இது உதவும்ங்கறதால இந்த வாரம் இதுதான்.

முதல்ல அந்த நம்பர் என்னன்னு பாத்துடுவோம். உங்க பேப்பரை இன்னொருத்தர் தன்னோட பேப்பர்ல எடுத்துக் காட்டினா அது ஒரு சைட்டேஷன். ஒருத்தர் அஞ்சு பேப்பர் எழுதியிருக்கார்னு வெச்சுக்கோங்க. சைட்டேஷன் முறையே 50, 18, 6, 4, 3. பெருசுலேர்ந்து சிறுசுக்கு அடுக்கியாச்சு. நாலாவது பேப்பருக்கு நாலு இருக்கா? இருக்கு. அஞ்சாவதுக்கு அஞ்சு இருக்கா? இல்லை, மூணுதான். அப்போ அவரோட எச்-இன்டெக்ஸ் 4. அவ்வளவுதான் மேட்டர். 44ன்னா, 44 பேப்பர், ஒவ்வொண்ணுக்கும் குறைஞ்சது 44 சைட்டேஷன்.

இதுல ஒரு கூத்து பாருங்க. வாழ்க்கையிலயே ஒரே ஒரு பேப்பர் எழுதி, அதுக்கு அஞ்சாயிரம் சைட்டேஷன் வாங்கினாலும் எச்-இன்டெக்ஸ் 1தான்!

கண்டுபிடிச்சவர் ஜார்ஜ் ஹிர்ஷ். அர்ஜென்டினாவில பிறந்த இயற்பியல்காரர், அமெரிக்காவில சான் டியாகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல புரொஃபசர். 2005-ல இதை ஒரு சின்ன பேப்பரா எழுதினார். ஆனா ஏறக்குறைய இதே கணக்கை ரொம்ப வருஷம் முன்னாடியே வேற ஒரு விஷயத்துக்குப் போட்டு வெச்சிருந்தவர் ஆர்தர் எடிங்டன். ஆமாங்க, சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச நம்ம சந்திரசேகரை 1935 ஜனவரியில லண்டன்ல நிறைய பேர் முன்னாடி மட்டம் தட்டினாரே, அதே எடிங்டன்தான். மனுஷனுக்கு சைக்கிள் பைத்தியம். குறைஞ்சது எத்தனை மைல் வீதம் அத்தனை நாள் மிதிச்சிருக்கோம்னு கணக்கு வெச்சிருந்தார். அவரோட நம்பர் 84. அதாவது 84 நாள், ஒவ்வொரு நாளும் 84 மைலோ அதுக்கு மேலயோ. முட்டி என்னத்துக்கு ஆகியிருக்கும்!

சைக்கிள்னா பிரச்னை இல்லை. மைல்னா எல்லா ரோட்டுலயும் மைல்தான். சைட்டேஷன் அப்படி இல்லை. ஒவ்வொரு துறையிலயும் அதோட 'மைல்' நீளம் வேற வேற. சித்தப்பா கோட்டை விட்டது இங்கதான்.

ஹிர்ஷோட அந்த முதல் பேப்பரையே எடுத்துக்கலாம். அன்னிக்கு இயற்பியல்ல உச்சத்துல இருந்தவர் எட்வர்ட் விட்டன், எச்-இன்டெக்ஸ் 110. அதே பேப்பர்ல உயிரியல் பக்கம் உச்சத்துல சாலமன் ஸ்னைடர், 191. அப்படின்னா விட்டனைவிட ஸ்னைடர் ஏறக்குறைய ரெண்டு மடங்கு பெரிய விஞ்ஞானியா? இல்லவே இல்லை. துறைக்குத் துறை இது மாறும், உயிரியல்ல நம்பர் பெருசாவே வரும்னு ஹிர்ஷ் அப்பவே எழுதி வெச்சிருக்கார். இயற்பியலுக்குன்னு தோராயமா ஒரு கணக்கும் சொன்னார். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துல வேலை நிரந்தரமாக 12, முழு புரொஃபசராக 18 மாதிரி இருக்கலாம்னு. ஆனா, மருந்துச்சீட்டுல டாக்டர் எழுதின எச்சரிக்கையை யார் படிக்கறா? எல்லாரும் மாத்திரையை மட்டும் வாங்கிட்டுப் போயிட்டாங்க.

சரி, ஏன் இப்படி மாறுது?

கணித பேப்பர் ஒண்ணை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்க. எடுத்துக்காட்டின பேப்பர்கள் பதினஞ்சு, இருபது இருக்கும். பயோ-மெடிக்கல் பேப்பர்னா அம்பது, அறுபதுகூட சாதாரணம். ஒரு ஊர்ல மொய் நூத்தியொண்ணு, இன்னொரு ஊர்ல ஆயிரத்தொண்ணுன்னா, யார் வீட்டுக் கல்யாணத்துல வசூல் அதிகம்னு பாத்து மாப்பிள்ளையோட குணத்தை எடை போட முடியுமா?

அடுத்தது ஆள் கணக்கு. மேத்தமேட்டிக்கல் ஃபிஸிக்ஸ்ல பேப்பருக்கு ஒருத்தர், ரெண்டு பேர், மிஞ்சிப்போனா மூணு பேர். லேப் வேலைன்னா எட்டு, பத்து பேர் சேர்ந்துதான் இழுக்கணும். இதுல உச்சம் எது தெரியுமா? 2015-ல ஹிக்ஸ் போசானோட எடையைத் துல்லியமாச் சொன்ன பேப்பர். ஜெனிவா செர்ன்ல வேலை பாக்கற அட்லஸ், சி.எம்.எஸ்.ங்கற ரெண்டு பெரிய குழுவும் சேர்ந்து போட்டது. மொத்த ஆத்தர்கள் 5,154 பேர்! 33 பக்கப் பேப்பர்ல 24 பக்கம் வெறும் பேர்ப் பட்டியல். நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகையில 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு போடற லிஸ்ட்கூட தோத்துடும். அந்தப் பேப்பரை ஒருத்தர் எடுத்துக்காட்டினா 5,154 பேர் கணக்குலயும் ஆளுக்கு ஒண்ணு ஏறும். அவங்க உழைக்கலைன்னு நான் சொல்லலை. அந்த மெஷினைக் கட்டி ஓட்ட அத்தனை பேர் வேணும்தான். ஆனா தனியா ஒரு ரூம்ல பேப்பரும் பேனாவுமா உக்காந்திருக்கறவர்கூட அதை எப்படிப் பக்கத்துல வெச்சுப் பாக்கறது?

இதே கதையோட இன்னொரு முனையில பீட்டர் ஹிக்ஸ் உக்காந்திருக்கார். அந்த போசானுக்குப் பேர் கொடுத்தவர். 1964-ல அந்த ஐடியாவை எழுதினார். அதுக்கப்புறம் மொத்தமாவே அவர் எழுதினது பத்து பேப்பருக்கும் குறைவு. 2013-ல நோபல் வாங்கப் போறப்ப ஒரு பேட்டியில அவரே சொன்னார், இன்னிக்கு நிலைமையில எனக்கு ஒரு காலேஜ்லயும் வேலை கிடைக்காதுன்னு.

மூணாவது விஷயம் நேரம். நானோ மாதிரி ஓடற துறையில இன்னிக்கு வந்த பேப்பருக்கு ரெண்டு வருஷத்துல சைட்டேஷன் குவியும், அப்புறம் அடங்கிடும். கணிதத்துல ஒரு தேற்றத்தை எழுதி வெச்சுட்டுப் பத்து, இருபது வருஷம் காத்திருக்கணும். பட்டாணிச் செடியை வெச்சு மெண்டல் எழுதின பேப்பர் 1866-ல வந்துச்சு. அதோட அருமை தெரிஞ்சது 1900-ல. அதுக்குள்ள ஆள் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம்!

இன்னும் ஒரு வேடிக்கை. உலகத்துலயே அதிகமா எடுத்துக்காட்டப்பட்ட பேப்பர் எதுன்னு நினைக்கறீங்க? ஐன்ஸ்டைன்? டி.என்.ஏ.? ம்ஹூம். 1951-ல லௌரி குழு எழுதினது. ஒரு கரைசல்ல புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு அளக்கற முறை. மூணு லட்சத்துக்கும் மேல சைட்டேஷன். உலகத்துல எந்த லேப்ல யார் புரோட்டீனை அளந்தாலும் லௌரிக்கு ஒரு கும்பிடு. சமையலறையில உப்பு மாதிரி. 2014-ல 'நேச்சர்' இதழ் முதல் நூறு பேப்பர்களைத் தொகுத்தப்ப, டி.என்.ஏ. இரட்டைச் சுருளைச் சொன்ன 1953 பேப்பர் அதுல இல்லவே இல்லை. ரொம்பப் பெரிய உண்மைகளை யாரும் எடுத்துக்காட்ட மாட்டாங்க. அது பாடப்புத்தகத்துக்குள்ள போயிடும். ஆப்பிள் கீழ விழுந்தா நியூட்டனுக்கு யாராவது சைட்டேஷன் போடறாங்களா?

சயின்ஸ் மாணவர்கள் மட்டும்தான் படிக்கணுமான்னு கேக்கற தமிழ், வரலாறு மக்களே... உங்க கதை இன்னும் கஷ்டம். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க கான்ஃபரன்ஸ்ல எழுதுவாங்க, அதையாவது இப்ப கணக்குல எடுக்கறாங்க. நீங்க எழுதறது புத்தகம், அதுவும் தமிழ்ல. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் மாதிரி பெரிய பட்டியல்கள்ல பெரும்பாலும் இங்கிலீஷ் ஜர்னல்தான். ஊர் ஊராப் போய் ஓலைச்சுவடி தேடி 1887-ல சீவக சிந்தாமணியைப் பதிப்பிச்ச உ.வே.சா.வை இன்னிக்கு ஒரு புரமோஷன் கமிட்டி முன்னாடி நிறுத்தினா, "ஐயா, உங்க ஸ்கோபஸ் ஐ.டி. என்ன?"ன்னு கேப்பாங்க.

அதுலயும் ஒரே ஆளுக்கு மூணு எச்-இன்டெக்ஸ் இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? கூகுள் ஸ்காலர்ல தீசிஸ், இன்னும் ஜர்னல்ல வராத வரைவுன்னு எல்லாத்தையும் அள்ளிப் போடறதால அங்க எப்பவும் கொஞ்சம் கூடுதல். ஸ்கோபஸ்ல குறையும். புரொஃபசர்கள் எதை வீட்டு வாசல்ல மாட்டுவாங்கன்னு நான் சொல்லணுமா?

சரி, இதுக்கு மருந்தே கிடையாதான்னா, இருக்கு. ஒருத்தரோட சைட்டேஷனை அப்படியே எடுத்துக்காம, அதே துறையில, அதே வருஷம் வந்த பேப்பர்களோட சராசரியால வகுத்துடறது. உதாரணத்துக்கு, ஒரு துறையில சராசரி 3, உங்களுக்கு 6 வந்தா உங்க மதிப்பு 2. இன்னொரு துறையில சராசரி 20, அவருக்கு 30 வந்தா 1.5. அட, 6 வாங்கின நீங்க 30 வாங்கினவரை முந்திட்டீங்க! 2008-ல மூணு இத்தாலிய இயற்பியல்காரங்க இதைப் போட்டுப் பாத்தாங்க. சராசரியால வகுத்ததும் வேற வேற துறைகளோட வரைபடங்கள் ஏறக்குறைய ஒண்ணு மேல ஒண்ணா உக்காந்துடுச்சு. ஸ்கோபஸ்ல இப்ப இந்த மாதிரி ஒரு எண் தயாராவே கிடைக்குது. 1ன்னா உலக சராசரி. அந்த ஃபிளெக்ஸ்ல இருந்த '2 சதவிகிதம்' லிஸ்ட்டும் துணைத்துறை துணைத்துறையாப் பிரிச்சுத்தான் ரேங்க் போடுது. அது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கொடுக்கற விருது இல்லைங்கறது வேற விஷயம். அங்க வேலை பாக்கற ஜான் ஐயோனிடிஸ்ங்கறவர் தன் குழுவோட சேர்ந்து 2019-லேர்ந்து வெளியிடற ஒரு கணக்கு. ஃபிளெக்ஸ் அடிக்கறவங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தேவையில்லை.

ஆனா சராசரியையும் கண்ணை மூடிட்டு நம்பிட முடியாது. 'ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ'ன்னு படிகங்கள் பத்தின ஒரு ஜர்னல். அதோட இம்பாக்ட் ஃபேக்டர் ரொம்ப காலமா 2 பக்கத்துலயே சாதுவா உக்காந்திருந்துச்சு. இம்பாக்ட் ஃபேக்டர்ங்கறது, முந்தின ரெண்டு வருஷத்துல அந்த ஜர்னல்ல வந்த பேப்பருக்கு இந்த வருஷம் சராசரியா எத்தனை சைட்டேஷன்ங்கற கணக்கு. 2009-ல அது திடீர்னு 49.926! எல்லாரும் வாயைப் பிளந்தாங்க. என்னன்னு பாத்தா, ஜார்ஜ் ஷெல்ட்ரிக்ங்கறவர் 2008-ல தன்னோட ஷெல்எக்ஸ் சாஃப்ட்வேரைப் பத்தி ஒரே ஒரு பேப்பர் எழுதியிருந்தார். அந்த சாஃப்ட்வேரைத் தொட்ட அத்தனை பேரும் அதை எடுத்துக்காட்ட, கிளாஸ்ல ஒருத்தன் வாங்கின மார்க்ல மொத்த கிளாஸும் டிஸ்டிங்ஷன். அந்த வருஷம் அங்க எழுதின மத்தவங்க ஒரு காரியமும் பண்ணலை, பாவம்.

நம்பரை வெச்சு வேலை, புரமோஷன், ரேங்க்னு ஆனதுக்கப்புறம், நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? 2010-ல பிரான்ஸ்ல சிரில் லாபேங்கற கம்ப்யூட்டர் விஞ்ஞானி, 'ஐக் ஆன்ட்கேர்'னு ஒரு ஆளை உருவாக்கினார். பொறந்ததே இல்லாத ஆள். மெஷின் உளறின 102 போலிப் பேப்பர், ஒண்ணை ஒண்ணு எடுத்துக்காட்டற மாதிரி. கூகுள் ஸ்காலர்ல அந்த இல்லாத ஆசாமிக்கு எச்-இன்டெக்ஸ் 94! ஐன்ஸ்டைனையே முந்திட்டார். 2024-ல இன்னும் ஒரு படி மேல. அமெரிக்காவில ஒரு ஆராய்ச்சி மாணவர், தன் பாட்டி வீட்டுப் பூனை லாரியை, உலகத்துலயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பூனையா ஆக்கிக் காட்டினார். மியாவ்!

சிரிச்சாச்சா? இப்ப சீரியஸ். கணிதத்துல மொத்த சைட்டேஷனே குறைவுன்னு சொன்னேன் இல்லையா, அதனால அங்க நாலு பேர் கூட்டு சேர்ந்து மாத்தி மாத்தி எடுத்துக்காட்டினாலே உலக லிஸ்ட்ல ஏறிடலாம். ஏறினாங்க. கணிதத் துறையே இல்லாத ஒரு தைவான் மருத்துவப் பல்கலைக்கழகம், கணிதத்துல அதிக மேற்கோள் பெற்ற பேப்பர்கள் கணக்குல பெரிய பெரிய பல்கலைக்கழகங்களைத் தாண்டிப் போச்சு. கடுப்பான கிளாரிவேட் நிறுவனம், 2023-ல தன்னோட 'அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்கள்' பட்டியல்லேர்ந்து கணிதத்தையே தூக்கிடுச்சு. நாலு பேர் பண்ணின வேலைக்கு ஒழுங்கா இருந்தவங்களுக்கும் சேர்த்து கேட் மூடியாச்சு.

அதே 2023-ல ஹிந்தாவிங்கற பதிப்பகத்தோட ஜர்னல்கள்லேர்ந்து மட்டும் எட்டாயிரத்துக்கும் மேல பேப்பர்களை வாபஸ் வாங்கினாங்க. அதுல பெரும்பாலானவை காசுக்கு பேப்பர் தயாரிக்கற ஃபேக்டரிகள்லேர்ந்து வந்தவைன்னு சந்தேகம். வாட்ஸ்அப்லயும் டெலிகிராம்லயும் 'ரெண்டாவது ஆத்தர் இடம் காலி'ன்னு பஸ் சீட் மாதிரி விக்கறாங்க பாஸ். நீங்களே பாத்திருப்பீங்க. தயவுசெஞ்சு அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க. பேப்பரை வாபஸ் வாங்கினாலும், வாபஸ்னு சிவப்பு எழுத்துல உங்க பேரோட அது நெட்ல கிடக்கும். பொண்ணு பாக்க வர்றவங்க பாக்க மாட்டாங்க. வேலை கொடுக்கறவங்க பாப்பாங்க. போதாக்குறைக்கு, பி.ஹெச்டி. தீசிஸ் கொடுக்க பேப்பர் போட்டே ஆகணும்ங்கற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 நவம்பர்லயே எடுத்துட்டாங்க. சேர்ற இடத்துல தனி விதி இருக்கான்னு மட்டும் முதல்லயே கேட்டுக்கோங்க.

கிளைமாக்ஸ் என்னன்னா, ஹிர்ஷே மனசு மாறிட்டார். 2020 ஜனவரியில அமெரிக்க இயற்பியல் சங்கத்தோட ஒரு செய்தி மடல்ல எழுதினார். எச்-இன்டெக்ஸ் மோசமா சொதப்பும், தான் நினைச்சே பாக்காத கெடுதல்களைப் பண்ணும்னு இப்ப நம்பறதா ஒப்புக்கிட்டார். அவர் சூப்பர் கண்டக்டிவிட்டியில எல்லாரும் ஏத்துக்கிட்ட கொள்கையை பல வருஷமா எதிர்த்து எழுதிட்டு வர்றவர். கூட்டத்தோட போறவங்களுக்குக் கூட்டமே சைட்டேஷன் போடும். எதிர்த்து நடக்கறவனுக்கு யார் போடுவா? தான் செஞ்ச தராசு தனக்கே குறைச்சு நிறுக்குதுன்னு பாத்தவர் அவர்.

இவ்வளவையும் மறுநாள் சித்தி பொண்ணுகிட்ட கொட்டினேன். பொறுமையாக் கேட்டுட்டு, "சரிண்ணே, அப்ப நான் எதைப் பாத்துத்தான் சேர்றது?"ன்னா. நியாயமான கேள்வி.

நான் சொன்னது இவ்வளவுதான். அவங்க ரெண்டு பேரோட ஸ்காலர் பக்கத்தையும் திற. மேல இருக்கற நம்பரை விரலால மறைச்சுக்கோ. அதிக சைட்டேஷன் வாங்கின பேப்பரைக் கிளிக் பண்ணி, அதை எடுத்துக்காட்டினவங்க யாருன்னு பாரு. உலகத்துல பல மூலையிலேர்ந்து வந்திருக்கா, இல்லை அதே பத்து பேர் சுத்திச் சுத்தி வர்றாங்களா? போன வருஷம் மட்டும் எத்தனை பேப்பர்? வாரத்துக்கு ஒண்ணுன்னா அவர் உன் டிராஃப்டை எப்ப படிப்பார்? ஸ்டூடண்ட் எழுதின பேப்பர்ல ஸ்டூடண்ட் பேர் எங்க இருக்கு? ஆனா கணிதப் பக்கம் பேர்களை அகர வரிசையில போடறது வழக்கம், அதனால அங்க முதல் பேரைப் பாத்து ஏமாறாத. ரெண்டு பேர்கிட்டயும் ஒவ்வொரு பேப்பரை வாங்கி உக்காந்து படி. எதைப் படிக்கறப்ப தூக்கம் வரலைன்னு பாரு. முக்கியமா, முடிச்சுட்டுப் போன பழைய ஸ்டூடண்ட்ஸ்கிட்ட போன்ல பேசு. எத்தனை வருஷம் ஆச்சு, இப்ப எங்க இருக்காங்க, திரும்ப வாய்ப்பு கிடைச்சா அதே கைடுகிட்ட சேருவாங்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அந்தப் பக்கம் ரெண்டு செகண்டு மௌனம் வந்தா, அதையும் குறிச்சு வெச்சுக்கோ.

நாலு நாள் சத்தமே இல்லை. அஞ்சாவது நாள் போன்.

"அண்ணே, 44 சார் ரொம்ப நல்லவருண்ணே!"

எனக்கே அதிர்ச்சி. விசாரிச்சதுல, அவர்கிட்ட முடிச்ச எல்லாருமே வேலையில இருக்காங்களாம். லேப்ல மெஷின் எல்லாம் ஓடுதாம். தன்னோட 44 பத்தி அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க ஃபீல்டுல இதெல்லாம் சாதாரணம்மா. எங்கூட போஸ்ட்-டாக் பண்ணினவன் இன்னிக்கு எண்பதுல நிக்கறான்." ஃபிளெக்ஸ் வெச்சது மேனேஜ்மென்ட்டாம், அவருக்கே கூச்சமாம். 'ஆறு மாசத்துல நாலு பேப்பர்'ங்கறது மட்டும் நிஜம்தான். ஒருத்தர் சாம்பிள் பண்ணுவார், இன்னொருத்தர் அளப்பார், எல்லார் பேரும் எல்லாத்துலயும். அங்க அப்படித்தான் வழக்கம்.

"சரி, 7 சார்?"

"நேராவே கேட்டுட்டேன்ணே. சார், உங்க எச்-இன்டெக்ஸ் 7தானே இருக்கு, வீட்டுல யோசிக்கறாங்கன்னு."

"அடிப்பாவி!"

"அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு, ஏழா? நல்லாப் பாத்தியாம்மா? போன தீபாவளிக்கு ஆறுதானே இருந்துச்சுன்னார். அப்புறம் பீரோவைத் திறந்து ஒரு பேப்பரைக் காட்டினார். எழுதிப் பதினாலு வருஷம் கழிச்சு ஒருத்தர் அதை எடுத்துக்காட்டியிருக்காராம். அவருக்கு நன்றி சொல்லி மெயில் போட்டாராம். அந்த மெயிலையே பிரின்ட் எடுத்து வெச்சிருக்கார்ணே."

அந்த ஆறாவது வருஷ சீனியரையும் பாத்திருக்கா. நடுவுல ஒன்றரை வருஷம் ஒரு நிரூபணம் எங்கயோ இடிச்சு நின்னுடுச்சாம். ராத்திரி தூங்காம, வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிடலாம்னு இருந்தாராம். சார் தினமும் சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்துப் பலகை முன்னாடி நிக்க வெச்சிருக்கார். "திரும்ப சேருவீங்களா?"ன்னு கேட்டதுக்கு, அவர் ரெண்டு செகண்டு இல்லை, பத்து செகண்டு யோசிச்சிருக்கார். அப்புறம் "சேருவேன். ஆனா வீட்டுல சொல்லிட்டு சேருவேன்"னாராம்.

"நான் 7 சார்கிட்டதாண்ணே சேரப்போறேன். ஆறு வருஷம் ஆகும்னு தெரியும். நீதான் அப்பாகிட்ட பேசணும்."

எனக்கு வயித்துல புளி. சித்தப்பாகிட்ட எதைன்னு சொல்றது? லௌரியையா, ஹிக்ஸையா? சராசரியால வகுக்கறதையா? ஞாயித்துக்கிழமை காலையில மனசுக்குள்ள ஒத்திகை பாத்துட்டே போனைப் போட்டேன்.

"சித்தப்பா, அது வந்து... அந்த 44..."

"அதை விடுப்பா. நானே ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன். நாலும் நாலும் எட்டு. எட்டு சனியோட நம்பர். நம்ம வீட்டுல எட்டு யாருக்கும் ஒத்து வந்ததே இல்லை. பேசாம அந்த ஏழுகிட்டயே சேத்து விட்டுடு."

"சரிங்க சித்தப்பா"ன்னு போனை வெச்சுட்டேன்.